பிடித்துக் கொடுத்தவர்கள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓரங்கள் உடைந்த ஒரு களிமண் பலகை இருக்கிறது. நபோனிதஸ் என்ற பாபிலோனிய அரசனின் காலத்தில் எந்த ஆண்டில் என்ன நடந்தது என்ற குறிப்புகள் அதில் உள்ளன. அரசன் ஊரில் இருந்தானா, புத்தாண்டுத் திருவிழா நடந்ததா, படை எங்கே போனது என்று கணக்கு நோட்டு எழுதுவதுபோல எழுதியிருக்கிறார்கள். அதில் ஆறாம் ஆண்டின் கீழே சில வரிகள் வருகின்றன. நம் கணக்கில் அது கி.மு. 550. இஷ்துமேகு தன் படையைத் திரட்டிக்கொண்டு அன்ஷானின் அரசன் குராஷை வெல்லப் புறப்பட்டான். படை இஷ்துமேகுவுக்கு எதிராகத் திரும்பியது. அவன் பிடிபட்டான். அவனைக் குராஷிடம் ஒப்படைத்தார்கள்.

அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே குராஷ் அகம்தானு என்ற தலைநகருக்குப் போய்விடுகிறான். அங்கிருந்த வெள்ளியையும் பொன்னையும் பொருள்களையும் அன்ஷானுக்குக் கொண்டுபோகிறான்.

குராஷ்தான் நாம் சைரஸ் என்று படித்த பாரசீகப் பேரரசன். அன்ஷான் என்பது பாரசீகர்கள் வாழ்ந்த தென்மேற்கு ஈரான் பகுதி. பைபிள் படிக்கிறவர்களுக்குக் கோரேஸ். இஷ்துமேகுவைக் கிரேக்கர்கள் அஸ்தியாகஸ் என்றார்கள். வடமேற்கு ஈரானை ஆண்ட மேதியர்களின் கடைசி அரசன் அவன். அகம்தானு கிரேக்கர் வாயில் எக்பதானா ஆனது. இன்றைய ஈரானின் ஹமதான் நகரம் அது. பாரசீகர்கள் மேதியர்களின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த கதையாக நாம் கேட்டிருப்பது இந்தச் சம்பவத்தைத்தான். இங்கிருந்து தொடங்கிப் பதினொரே ஆண்டுகளில், கி.மு. 539-இல், பாபிலோனும் சைரஸ் கைக்கு வந்தது. அவன் மகன் காலத்தில் எகிப்தும் சேர்ந்தது.

அந்தப் பலகையின் மொழிபெயர்ப்பை முதன்முதலில் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருப்பது சைரஸ் அல்ல. "ஒப்படைத்தார்கள்" என்ற சொல்தான். யார் ஒப்படைத்தார்கள்? மேதியர்கள். சொந்த அரசனை, சொந்தப் படை, போர்க்களத்தில் பிடித்து எதிரியிடம் கொடுத்திருக்கிறது. பாரசீகர்களின் கலகம் என்று உலகம் சொல்லும் நிகழ்ச்சியில், இந்தப் பலகை சொல்லும் ஒரே கலகம் மேதியர்கள் செய்த கலகம்.

இதை நான் சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். படை திரட்டிப் புறப்பட்டவன் அஸ்தியாகஸ். சைரஸ் அங்கே "அன்ஷானின் அரசன்". யாருக்கும் கீழ்ப்பட்டவன் என்று பலகை சொல்லவில்லை. ஒரு பெரிய அரசன் பக்கத்து நாட்டு அரசன்மேல் படையெடுத்துப் போய், தன் ஆட்களாலேயே கைவிடப்பட்டான் என்றுதான் அதை மட்டும் படிக்கிறவருக்குத் தோன்றும்.

சரி, அப்படியென்றால் சைரஸ் கலகமே செய்யவில்லையா? இங்கேதான் இன்னொரு களிமண் வருகிறது. அதே நபோனிதஸ், சிப்பர் நகரத்துக் கோயிலுக்காகச் செய்த உருளை. அவனுக்கு ஒரு கனவு. ஹரான் நகரில் இடிந்து கிடக்கும் சந்திரக் கடவுள் கோயிலைத் திரும்பக் கட்டு என்கிறார் பாபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக். மேதியர்கள் அதைச் சூழ்ந்திருக்கிறார்களே, அவர்கள் பலம் பெரிதாயிற்றே என்கிறான் அரசன். நீ சொல்லும் அவனும் அவன் நாடும் அவனோடு வரும் அரசர்களும் இனி இருக்கமாட்டார்கள் என்று பதில் வருகிறது. மூன்றாம் ஆண்டு பிறந்ததும் அன்ஷானின் அரசன் சைரஸை, "அவனுடைய இளம் ஊழியனை", தெய்வம் எழுப்புகிறது. அவன் சிறு படையோடு வந்து மேதியரின் பெரும்படையைச் சிதறடித்து, இஷ்துமேகுவைப் பிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறான்.

"அவனுடைய" என்றால் யாருடைய? மர்துக்கின் ஊழியனா, அஸ்தியாகஸின் ஊழியனா? வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. முதலாவதென்றால் சைரஸ் தெய்வம் தேர்ந்தெடுத்த ஒரு சுதந்திர அரசன். இரண்டாவதென்றால் எசமானுக்கு எதிராக எழுந்த சிற்றரசன். அறிஞர்கள் இதைப் பற்றி நிறையவே வாதாடியிருக்கிறார்கள். ஒரு பேரரசின் பிறப்பைக் கலகம் என்று சொல்வதா, தற்காப்பு என்று சொல்வதா என்பது ஒரு சின்ன உடைமைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆண்டுகளும் ஒத்துப்போகவில்லை. உருளை மூன்றாம் ஆண்டு என்கிறது, அதாவது கி.மு. 553. பலகை ஆறாம் ஆண்டு என்கிறது. 553-இல் தொடங்கி 550-இல் முடிந்தது என்று பலர் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மூன்று வருடம் இழுத்த போர் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தப் படையின் மனநிலை புரிகிறது. முதல் நாளிலேயே யாரும் தங்கள் அரசனைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதில்லை.

இனி ஹெரோடோடஸ். சம்பவம் நடந்து ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர். சைரஸைப் பற்றி இன்னும் மூன்று விதமான கதைகள் தனக்குத் தெரியும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் தன் கதையைத் தொடங்குகிறார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அஸ்தியாகஸுக்குத் தன் மகள் மந்தானேயைப் பற்றிக் கெட்ட கனவுகள். அவள் வயிற்றிலிருந்து ஒரு திராட்சைக் கொடி முளைத்து ஆசியா முழுவதும் படர்கிறது. பயந்துபோன அரசன், பாரசீகன் ஒருவனை மணந்த அவளுக்குப் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடும்படி தன் நெருங்கிய உறவினனான ஹர்பாகஸிடம் கொடுக்கிறான். ஹர்பாகஸுக்குக் கை வரவில்லை. ஒரு மாட்டிடையனிடம் தள்ளிவிடுகிறான். இடையனின் மனைவிக்கு அன்றுதான் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. அவள் பெயர் ஸ்பாகோ. மேதியர் நாயை "ஸ்பாகா" என்பார்கள் என்று ஹெரோடோடஸ் விளக்குகிறார். மேதியர் பேச்சிலிருந்து நேராக நமக்கு வந்து சேர்ந்த மிகச் சில சொற்களில் இது ஒன்று. இறந்த குழந்தைக்கு அரசகுமாரனின் உடையை உடுத்தி மலையில் வைக்கிறார்கள். உயிரோடு இருப்பவன், அதாவது சைரஸ், இடையன் வீட்டில் வளர்கிறான். பத்து வயதில் விளையாட்டில் ராஜாவாக இருந்து, சொன்னபடி கேட்காத ஒரு பிரபுவின் மகனை அடித்ததால் குட்டு வெளிப்படுகிறது.

பேரனை அரசன் மன்னித்துவிடுகிறான். ஹர்பாகஸை மன்னிக்கவில்லை. குழந்தை பிழைத்ததே நல்லதாயிற்று, விருந்துக்கு வா, உன் மகனையும் அனுப்பு என்கிறான். ஹர்பாகஸுக்கு ஒரே மகன், பதின்மூன்று வயது இருக்கும். அந்தச் சிறுவனை வெட்டிச் சமைத்து அப்பனுக்கே பரிமாறினான் அஸ்தியாகஸ். மற்றவர்கள் முன்னால் ஆட்டுக்கறி. சாப்பிட்டு முடித்தபின் மூடிய கூடை வந்தது. உள்ளே தலையும் கைகளும் கால்களும். எந்த விலங்கின் இறைச்சியைத் தின்றாய் தெரிகிறதா என்று கேட்டான் அரசன். தெரிகிறது, அரசர் எது செய்தாலும் எனக்கு விருப்பமே என்றான் ஹர்பாகஸ். மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இந்தப் பகுதியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மாவால் அதிக நேரம் படிக்க முடிவதில்லை. மத்தியானங்களில் நான் படிக்க, அம்மா கேட்பது வழக்கம். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூடை வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் பேரு என்னடா?" என்றாள்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும் தேடினேன். "பேரு போடலைம்மா."

"கறி சமைக்கச் சொன்னவன் பேரு இருக்கு. தின்ன அப்பன் பேரு இருக்கு. மாடு மேய்க்கிறவன் பொண்டாட்டி பேருக்கு அர்த்தம் வரைக்கும் இருக்கு. பையன் பேரு இல்லையா?"

இல்லை. அதற்கு முன் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. இடையன் வீட்டில் இறந்து பிறந்து, அரசகுமாரனாக மலையில் கிடந்து, அரசகுமாரனாகவே புதைக்கப்பட்ட குழந்தைக்கும் பெயர் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் இல்லாமல் இந்தக் கதையில் ஒன்றும் நடந்திருக்காது.

அப்புறம் ஹர்பாகஸ் பல ஆண்டுகள் காத்திருந்தான். மேதிய பிரபுக்களை ஒவ்வொருவராகச் சந்தித்து மனத்தை மாற்றினான். வழிகளில் காவல் இருந்ததால், ஒரு முயலின் வயிற்றைக் கீறி, ஓலையை உள்ளே வைத்துத் தைத்து, வேட்டைக்காரன் வேடத்தில் ஒருவனிடம் கொடுத்துப் பாரசீக நாட்டிலிருந்த சைரஸுக்கு அனுப்பினான். நீ கிளம்பி வா, எதிர்த்து வரப்போகும் தளபதி நானாக இருந்தாலும் வேறு மேதியனாக இருந்தாலும் உன் பக்கம் சேர்ந்துவிடுவோம் என்பது அதன் சாரம்.

சைரஸ் பாரசீகக் குலங்களைக் கூட்டியது நன்றாக நினைவில் நிற்கும் காட்சி. தன்னைப் பாரசீகர்களின் தலைவனாக அஸ்தியாகஸ் நியமித்ததாக ஒரு பொய் ஓலையை வாசித்துக் காட்டினான். எல்லாரும் அரிவாளோடு வரவேண்டும் என்றான். 18 அல்லது 20 ஸ்தாதியம், அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் நீள அகலமுள்ள முள்காட்டை ஒரே நாளில் வெட்டித் துப்புரவாக்கச் சொன்னான். வெட்டினார்கள். மறுநாள் குளித்துவிட்டு வாருங்கள் என்றான். தன் தகப்பனின் ஆடு மாடுகளை அடித்து, மது ஊற்றி, புல்வெளியில் சாய்ந்துகொள்ளச் சொல்லிப் பெரிய விருந்து வைத்தான். நேற்று பிடித்ததா, இன்று பிடித்ததா? இன்றுதான் என்றார்கள். என் பேச்சைக் கேட்டால் தினமும் இதுதான், இல்லையென்றால் நேற்றைய முள்தான் என்றான்.

நடந்ததோ இல்லையோ, கலகம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்த யாரோதான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். விடுதலை, மானம் என்ற சொற்கள் மட்டும் போதாது. கையில் முள் குத்திய வலி ஆறுவதற்குள் கேட்கவேண்டும்.

போர் வந்தது. அஸ்தியாகஸ் படைக்குத் தளபதியாக நியமித்தது யாரைத் தெரியுமா? ஹர்பாகஸை! தெய்வம் அரசன் புத்தியைக் குருடாக்கியிருந்தது, தான் ஹர்பாகஸுக்குச் செய்ததை அவன் மறந்துவிட்டான் என்கிறார் ஹெரோடோடஸ். இந்த வரியில் நான் நிற்காமல் போனதே இல்லை. மகனை இழந்தவன் ஒருநாளும் மறக்கவில்லை. செய்தவன் மறந்துவிட்டான். முதல் போரில் விஷயம் தெரியாதவர்கள் மட்டும் சண்டை போட்டார்கள். சிலர் நேராகச் சைரஸ் பக்கம் போனார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டுமென்றே தளர்ந்து ஓடினார்கள். இரண்டாவது போருக்கு நகரத்தில் மிச்சமிருந்த கிழவர்களையும் சிறுவர்களையும் ஆயுதம் கொடுத்து இழுத்துப் போனான் அரசன். தோற்றுப் பிடிபட்டான்.

சங்கிலியில் நின்ற அரசன் முன்னால் போய் ஹர்பாகஸ் ஏளனம் செய்கிறான். அரசன் திருப்பிக் கேட்கிறான்: இது உன் வேலைதான் என்றால் உன்னைவிட மடையனும் அநியாயக்காரனும் இல்லை. நீயே அரசனாகியிருக்கலாம், வேறொருவனுக்குக் கொடுத்தாய், அது மடமை. உன் ஒருவன் பழிக்காக மேதியர் அனைவரையும் அடிமையாக்கினாய், அது அநியாயம். கொடுமைக்காரன் வாயிலிருந்து வந்தாலும் அந்த இரண்டாவது குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளமுடியவில்லை. மேதியர்கள் பிற்பாடு இதற்காக மனம் வருந்தினார்கள் என்றும் ஹெரோடோடஸ் ஒரு வாக்கியம் சேர்க்கிறார்.

வேறு கதைகளும் உண்டு. பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் க்தேசியஸ் சொல்வதில் சைரஸ் அரசன் பேரனே இல்லை. ஆடு மேய்ப்பவளுக்கும் கொள்ளைக்காரனுக்கும் பிறந்து, அரண்மனையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தவன். பசர்கதே அருகே நடந்த போரில் பாரசீகர்கள் ஓடி வந்தபோது, பெண்கள் ஆடையை உயர்த்தி, வந்த வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டதாகவும், வெட்கிப்போய்த் திரும்பிச் சண்டையிட்டு வென்றதாகவும் அந்த மரபு சொல்கிறது. அதன்பின் பாரசீக அரசன் அந்த ஊருக்கு வரும்போதெல்லாம் பெண்களுக்குப் பொற்காசு கொடுப்பது வழக்கமாம். சைரஸ் தன் தலைநகரைப் பசர்கதேயில் கட்டியது அஸ்தியாகஸை அங்கே வென்றதால்தான் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோவும் எழுதுகிறார். ஆறு படிகளின் மேல் நிற்கும் அவன் கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதைகளில் பேரன் உறவை மட்டும் நான் நம்பவில்லை. பாபிலோனில் கிடைத்த சைரஸின் சொந்த உருளையில் அவன் தன் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாரையும் அன்ஷானின் அரசர்கள் என்று வரிசையாகச் சொல்கிறான். தாய்வழிப் பாட்டன் உலகறிந்த மேதிய அரசன் என்றால் அதை விட்டிருப்பானா? தோற்றவர்கள் மனம் ஒப்ப, "வந்தவன் வேறு ஆள் இல்லை, நம் மகள் பிள்ளைதான்" என்று பின்னால் பிறந்த கதையாகத்தான் எனக்குத் தெரிகிறது. அஸ்தியாகஸுக்கு ஆண் வாரிசு இல்லை என்று ஹெரோடோடஸ் சொல்வது சரியானால், அந்தக் கதைக்கு இடமும் காலியாக இருந்திருக்கிறது.

படை ஏன் திரும்பியது? ஹெரோடோடஸ் அரசனின் கடுமையைச் சொல்கிறார். அவர் கணக்கில் அஸ்தியாகஸ் ஆண்டது 35 வருடம். அவன் தகப்பன் குவக்சாரஸ் காலம் வேறு மாதிரி. கி.மு. 612-இல் பாபிலோனியரோடு சேர்ந்து நினிவேயை வீழ்த்தி, அசீரியப் பேரரசையே முடித்தவன் அவன். கி.மு. 585-இல் இன்றைய மேற்குத் துருக்கியை ஆண்ட லிதியரோடு நடந்த போரின் நடுவே பகல் இரவாகிவிட, இரு தரப்பும் பயந்து சமாதானம் செய்துகொண்டன. அந்தச் சமாதானத்தில்தான் லிதிய இளவரசி அஸ்தியாகஸுக்கு மனைவியாக வந்தாள். அதற்குப் பிறகு மேதியருக்குப் பெரிய வெற்றி என்று ஒன்றும் கேள்விப்படுவதற்கில்லை. வெற்றியும் கொள்ளைப் பங்கும் கொடுத்த அரசனின் கீழ் சேர்ந்திருந்த குலத்தலைவர்கள், இரண்டும் கொடுக்காமல் கட்டளை மட்டும் போட்ட மகனின் கீழ் எத்தனை காலம் இருப்பார்கள்? இது என் ஊகம்தான். ஆனால் ஒரு தகப்பனின் பழியைவிட, பல வீடுகளில் சேர்ந்த கசப்புதான் ஒரு படையைத் திருப்பும் என்று நினைக்கிறேன்.

மேதியர்களே வாய் திறந்திருந்தால் இதெல்லாம் ஊகமாக இருக்காது. அவர்கள் தங்கள் மொழியில் எழுதிய ஒரு வரிகூட இன்றுவரை கிடைக்கவில்லை. வெள்ளை, கறுப்பு, செம்மை, நீலம் என்று நிறம் நிறமாக ஏழு மதில்கள், உள் மதில்கள் இரண்டுக்கும் வெள்ளியும் பொன்னும் பூசிய எக்பதானாவை ஹெரோடோடஸ் வர்ணிக்கிறார். ஹமதானின் நடுவே மேடாக நிற்கும் ஹெக்மதானேயைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்த கட்டடங்கள் பெரும்பாலும் பல நூற்றாண்டு பிந்தியவை. மலாயர் அருகே நூஷ்-இ ஜான் என்ற குன்றில், 1967-இல் தொடங்கிய அகழாய்வில் மேதியர் காலக் கோயில் ஒன்று வெளிப்பட்டது. யாரோ அதன் தீமேடையைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காத்து, கோயில் முழுவதையும் கல் சில்லுகளால் கவனமாக நிரப்பி மூடியிருந்தார்கள். இடிக்கவில்லை, எரிக்கவில்லை. ஒரு குழந்தையைப் போர்த்திவிடுவதுபோல மூடியிருக்கிறார்கள். ஏன் என்று அவர்களும் எழுதிவைக்கவில்லை.

சைரஸ் மேதியரை அடிமையாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஹெரோடோடஸ் சொல்கிறபடி அஸ்தியாகஸைச் சாகும்வரை தன்னோடு வைத்துக்கொண்டான், தீங்கு செய்யவில்லை. ஹர்பாகஸ் அவன் தளபதியாகி மேற்கே கிரேக்க நகரங்களைப் பிடித்தான். எக்பதானா அரச நகரமாகவே தொடர்ந்தது. பிற்காலப் பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் படிக்கட்டுச் சிற்பங்களில் வட்டத் தொப்பி மேதியனும் மடிப்புத் தொப்பி பாரசீகனும் மாறி மாறி, சிலர் கைகோத்தபடி நடக்கிறார்கள். கிரேக்கர்கள் பாரசீகர்களையும் "மேதியர்" என்றே கூப்பிட்டார்கள். ஆள்பவன் மாறியது வெளியில் இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சைரஸின் மகன் இறந்து, கி.மு. 522-இல் தாரியஸ் அரியணை ஏறியதும் நாடெங்கும் கலகம். மேதிய நாட்டில் பிரவர்தி என்பவன் எழுந்து, நான் குவக்சாரஸின் குலத்தவன் என்றான். கவனியுங்கள், அஸ்தியாகஸின் குலம் என்று சொல்லவில்லை. அந்தப் பெயருக்காக யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எக்பதானாவிலிருந்து பாபிலோனுக்குப் போகும் வழியில், பிஸிதூன் மலைப்பாறையில் தாரியஸ் இதை வெட்டிவைத்திருக்கிறான்: அரண்மனையில் இருந்த மேதியப் படை என்னை விட்டு விலகியது, அந்தப் பிரவர்தியிடம் போனது.

மறுபடியும் மேதியப் படை. 550-இல் அரசனைப் பிடித்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அதில் இருந்திருப்பார்கள், பேரர்களும் இருந்திருக்கலாம். அதே நேரம், என்னோடு இருந்த பாரசீக, மேதியப் படை சிறியது என்றும் தாரியஸ் சொல்கிறான். அவனோடும் மேதியர்கள் நின்றிருக்கிறார்கள்.

பிரவர்தி ரகா நாட்டில், இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரேய் பக்கம், பிடிபட்டான். மூக்கையும் காதுகளையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, வாசலில் கட்டி எல்லாரும் பார்க்க வைத்தார்கள். பிறகு எக்பதானாவில் கழுவேற்றினார்கள். அவனோடு முன்னணியில் நின்றவர்களையும் அதே நகரத்தின் கோட்டைக்குள் தொங்கவிட்டேன் என்று பாறை சொல்கிறது.

போன வாரம் அம்மாவுக்கு இதையும் படித்துக் காட்டினேன். அம்மா கேட்பாள் என்று தெரிந்திருந்ததால், படிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியில் தேடிப் பார்த்துவிட்டேன். அவர்கள் பெயரையும் தாரியஸ் வெட்டவில்லை.